காக்கை விரட்டும் உத்தியோகம்

கோடை விடுமுறை தொடங்கி ஒரு வாரம்கூட ஆகியிராது. அதற்குள் எத்தனையோ இல்லங்களில் ஒரு பெருமூச்சு எழுந்துவிடுகிறது: “பள்ளிக்கூடம் எப்பத்தான் திறப்பாங்களோ!”

பெரிய பிள்ளைகளைப் பற்றிய பெருமூச்சு அன்று இது. அவர்களுக்குத் தெரு இருக்கிறது, தோழர்கள் இருக்கிறார்கள், மட்டையும் பந்தும் இருக்கின்றன. பசித்தால் வருவார்கள், உண்டால் போவார்கள். தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு அடுப்படிக்கும் முற்றத்துக்குமாக அலையும் சின்னஞ்சிறுசுகளே அன்னையரைத் திணற வைக்கிறார்கள். இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட இந்தச் செல்வங்களை நீண்ட பகற்பொழுது முழுவதும் எதில் ஈடுபடுத்துவது? இதற்குக் கடைகள் ஒரு விடை வைத்திருக்கின்றன: புதிய பொம்மைகள். கோடைக்கால வகுப்புகளை நடத்துவோர் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் எளிய விடையைக் கைப்பேசி வைத்திருக்கிறது. கையில் கொடுத்தால் போதும், வீடு அடங்கிவிடும்.

இவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்க, இடுப்பில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்க, வாசலில் ஒருவர் வந்து அழைக்க, அந்த நேரத்தில் கைக்கு அகப்பட்டதைப் பிள்ளையிடம் நீட்டும் தாயை எவர்தாம் குறை கூறுவார்? ஆயினும் குழந்தை எதைக் கேட்டு நம்மிடம் வருகிறது என்பதைச் சற்றே உற்றுக் கேட்போமாயின், அது பொம்மையைக் கேட்டு வரவில்லை என்பது புலப்படும். தமிழ் இல்லங்களில் அதன் வாயிலிருந்து ஓயாமல் ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு. “நானும்!” என்பதே அது. அம்மா மாவு பிசைந்தால் நானும். அப்பா வண்டி துடைத்தால் நானும். அக்காள் வாசல் பெருக்கினால் அந்தத் துடைப்பத்தின் மறுமுனையில் நானும். அதற்கு நாம் வழக்கமாகத் தரும் மறுமொழியும் எல்லாருக்கும் தெரிந்ததே: “போ, போய் அந்தப் பக்கமா விளையாடு.”

இந்த மறுமொழியைப் பற்றித்தான் நாம் பேச எண்ணுகிறோம்.

கோடையில் நம் தென்மாவட்டங்களின் மாடிகளையும் முற்றங்களையும் கண்டவர்களுக்கு வற்றல் போடும் காட்சி புதிதன்று. கடையில் பொட்டலமாக வாங்கிவிடும் பழக்கம் இன்று பெருகிவிட்டது. எனினும் கத்திரி வெயிலை வீணாக்க மனமில்லாத பாட்டிமார் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். மே மாதம் 4-ஆம் நாள் அளவில் தொடங்கி அம்மாதக் கடைசி வாரம்வரை நீடிக்கும் அக்கினி நட்சத்திர நாட்களை மற்றவர்கள் சபிக்கும்போது, இவர்கள் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்த்து, “நல்ல வெயில்” என்று மனமாரப் பாராட்டுவார்கள்!

முதல் நாளே அரிசியை ஊறவைத்து அரைத்து வைத்துவிடுவார்கள். மறுநாள் விடியுமுன் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும். மாவைக் கரைத்து ஊற்றி, கட்டி தட்டாமல் துழாவித் துழாவிக் கூழாக்க வேண்டும். பச்சை மிளகாய் விழுது, சீரகம், பெருங்காயம், உப்பு ஆகியன சேரும். இறக்கும் வேளையில் எலுமிச்சம் பழச்சாறு. இந்தக் கட்டத்தில் மட்டும் சிறு குழந்தைக்கு அடுப்படியில் இடமே கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறோம். கொதிக்கும் நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். கொதிக்கும் கூழோ தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். “நீ மாடிக்குப் போய் நல்ல கல்லா நாலு பொறுக்கி வை” என்று அனுப்பிவிடுங்கள். விரட்டுவதற்காகச் சொல்லும் பொய் வேலை அன்று இது. பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்தபின், காற்றில் பறக்காதிருக்க நான்கு மூலையிலும் நான்கு கற்கள் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை தேடிக் கொணரும் கல் சில வேளை கோலிக்குண்டு அளவாகவும், சில வேளை அதுவே தூக்க முடியாத அளவாகவும் இருக்கும். மூன்றாம் முறை சரியான கல் வந்துவிடும். எந்தக் கல் துணியை நிறுத்தும், எந்தக் கல் நிறுத்தாது என்பதை இதற்குள் அது தானே கண்டுகொண்டிருக்கும்.

கூழ் ஆறி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் அச்சில் பிழிவார்கள். அதற்குப் பெரியவர்களின் புய வலிமை தேவை. ஆனால் ஜவ்வரிசிக் கூழாயின் கரண்டியால் எடுத்து விட்டாலே போதும். ஐந்து வயதுச் சிறுமிக்கு ஒரு சிறு தேக்கரண்டி கொடுத்தால் ஒரு வரிசை முழுவதையும் தானே முடிப்பாள். பாட்டி விட்ட வட்டங்கள் காசு அடுக்கியதுபோல் ஒழுங்காக இருக்கும். பேத்தி விட்டவற்றில் ஒன்று யானைபோலவும், ஒன்று காதணிபோலவும், இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டும் கிடக்கும். சில தாய்மார் குழந்தை அப்பால் திரும்பியதும் அந்த வரிசையை வழித்தெடுத்து மீண்டும் அழகாக இட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்! எண்ணெயில் பொரியும்போது யானையும் பொரியத்தான் போகிறது. வழித்தெடுத்தது குழந்தைக்குத் தெரியாது என்று எண்ண வேண்டாம். தான் இட்ட யானை எங்கே இருந்தது என்பது அதற்கு நன்றாகவே தெரியும்.

இனி வருவதுதான் சிறாருக்கே உரிய பெரும் பதவி: காக்கை விரட்டும் உத்தியோகம்! கையில் ஒரு கோல். தலைக்கு மேல் நிழல். அருகில் ஒரு செம்புத் தண்ணீர். காலை எட்டு மணியின் இளவெயிலில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இந்தப் பதவியில் அமர்த்தப்படும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊர்க்காவல் முழுவதும் தன் தலைமேல் சுமத்தப்பட்டதுபோல் நிமிர்ந்து உட்காருவான். மதில் மேல் ஒரு காக்கை வந்து கழுத்தைச் சாய்த்துப் பார்க்கும். “ஆச்சி, காக்கா வந்துட்டு!” என்று தெருவே அதிரும்படி ஒரு கூச்சல். காக்கை பறந்து அடுத்த வீட்டு மதிலில் அமரும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்கிடையே பாதி காய்ந்த வற்றலின் ஓரம் ஒன்று மெல்லக் காணாமற் போகும். அதை எடுத்தது காக்கை அன்று! அரைகுறையாய்க் காய்ந்த வற்றலின் சுவையை அறிந்தவர்கள் காவலாளியை மன்னித்துவிடுவார்கள். வெயில் ஏறியதும், பத்து மணி அளவில், பிள்ளையைக் கீழே அழைத்துக்கொண்டு அந்தப் பொறுப்பை ஒரு கறுப்புக் குடையிடமோ கறுப்புத் துணியிடமோ ஒப்படைத்துவிடலாம்.

மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் தண்ணீர் தெளித்து, வற்றலை உரித்தெடுக்கும் வேளை வரும். இதற்குச் சிறுவிரல்களே சிறந்தவை. உடையாமல் உரித்தெடுத்த முதல் வற்றலை வீடு முழுவதும் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் அடுத்ததில் கை வைப்பார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் தாம்பாளத்தில் வெயில் காயும். ஒடித்தால் ‘படக்’கென்று ஒடிய வேண்டும். “ஒடிச்சுப் பாரு, காஞ்சிருச்சா?” என்று குழந்தையிடமே கேளுங்கள், அதன் தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இப்படிப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரம் ஆகும். அதை மறைப்பானேன்? ஆனால் குழந்தையின் “நானும்” என்ற அந்த விருப்பம் வெறும் குறும்பா, அன்றி அதனினும் ஆழமானதா என்பதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனி நாட்டின் லைப்சிக் நகரில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ என்னும் இரு அறிஞர்கள் 2006-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பதினெட்டு மாதமே ஆன 24 குழந்தைகள். பேசவே சரியாகத் தெரியாத பருவம். அவர்கள் கண்முன் முன்பின் அறியாத ஒருவர் கொடியில் துணி காயப்போடுகிறார். துணிக்கு மாட்டும் கவ்வி ஒன்று கைதவறிக் கீழே விழுகிறது, அவர் எட்டி எடுக்க முயல்கிறார், எட்டவில்லை. மற்றொரு வேளை, கைநிறையப் பத்திரிகை இதழ்களுடன் அலமாரிக் கதவைத் திறக்க இயலாமல் தடுமாறுகிறார். யாரும் குழந்தையை உதவிக்கு அழைக்கவில்லை, மிட்டாயும் காட்டவில்லை. ஆயினும் அந்த 24 பேரில் 22 பேர் ஒரு முறையேனும் தாமாகவே உதவினார்கள். இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. அவர் கவ்வியைக் கைதவற விடாமல் வேண்டுமென்றே எறிந்தபோது குழந்தைகள் அவ்வாறு எடுத்துக் கொடுக்க முற்படவில்லை. பிறர் எதைச் செய்ய நினைத்து முடியாமற் போயிற்று என்பதைப் பதினெட்டு மாதக் குழந்தை உணர்ந்துகொள்கிறது!

அதே இருவர் 2008-இல் மற்றோர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். அதுவும் நம் வீடுகளுக்கு மிகப் பயன்படுவது. இருபது மாதக் குழந்தைகளுள் ஒரு சாராருக்கு, உதவியபோதெல்லாம் ஒரு விளையாட்டுப் பொருள் பரிசாகத் தரப்பட்டது. மற்றொரு சாராருக்கு வாய்ச்சொல்லால் பாராட்டு. இன்னொரு சாராருக்கு எதுவுமே இல்லை. பின்னர் பரிசை நிறுத்திப் பார்த்தபோது, முன்பு பரிசு பெற்ற குழந்தைகளே மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். “கடைக்குப் போய் வந்தா பத்து ரூபாய்”, “தட்டை எடுத்து வச்சா சாக்லெட்” என்று சின்ன வயதிலேயே கூலி பேசும் நம் பழக்கத்தை இது சற்று யோசிக்க வைக்கிறது. இயல்பாகவே ஊறிவரும் கிணற்றுக்கு இறைப்புக் கூலி எதற்கு? நாம் கொடுக்கும் சாக்லெட்டால் குழந்தை எதைக் கற்றுக்கொள்கிறது? இந்த வேலை இனிப்புக் கொடுத்து விற்கவேண்டிய அளவுக்குக் கசப்பானது போலும் என்பதைத்தான்.

இதே உண்மையை நூறாண்டுகளுக்கு முன்பே தம் கண்ணால் கண்டவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அவருடைய முதற் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அங்கே பொம்மைகளும் வைக்கப்பட்டிருந்தன. ஆனால் பிள்ளைகள் அவற்றை ஒதுக்கிவிட்டு உண்மையான வேலைகளையே நாடியதை அம்மையார் கண்டார். நீரைக் குவளையிலிருந்து குவளைக்கு ஊற்றுதல், கூட்டுதல், துடைத்தல், பொத்தான் மாட்டுதல் போன்ற அன்றாடச் செயல்களைத் தம் கல்வி முறையில் பாடமாகவே வைத்தார். அவருக்கும் நம் மண்ணுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1939-இல் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கச் சென்னை அடையாற்றுக்கு வந்தவர், உலகப் போர் மூண்டிருந்தமையால் 1946 வரை நம் நாட்டிலேயே தங்க நேர்ந்தது. இடையில் ஏறத்தாழ ஈராண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்தார்.

அவர் கண்ட முறைகளுள் நம் இல்லத்துக்கு உடனே எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்று: குழந்தையின் கைக்கு ஏற்ற அளவில் பொருள்கள். பெரிய துடைப்பத்தைக் கொடுத்தால் விளக்கைத் தட்டி உடைக்கும்; பாதியாக நறுக்கிக் கட்டிய துடைப்பத்தைக் கொடுத்தால் பெருக்கும். குடத்தைத் தூக்கச் சொன்னால் நனையும். செம்பு கொடுத்தால் ஊற்றும். உண்மையைச் சொன்னால், இது நம் பாட்டிமாருக்கும் தெரியாததன்று. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் செப்புச் சாமான்கள் வாங்கியதோடு அவர்கள் நிற்கவில்லை. குழந்தைக்கென்று ஒரு குட்டி முறம், ஒரு குட்டிக் கூடை முடையச் சொல்லி வாங்கினார்கள். அவற்றில் உண்மையாகவே உளுந்தைப் புடைக்கலாம்.

நண்பகல் வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே வெளியே விடக்கூடாது. பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் விரைவில் சூடேறும். எடைக்கு ஒப்பிட்டால் அவர்களின் தோற்பரப்பு மிகுதி. அதுவுமன்றி, தாகம் எடுப்பதை விளையாட்டு மும்முரத்தில் அவர்கள் உணர்வதில்லை, உணர்ந்தாலும் சொல்வதில்லை. ஆகவே கேளாமலே அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகவும் குறைவாகவும் போனால், அல்லது துள்ளிக்கொண்டிருந்த பிள்ளை திடீரெனச் சோர்ந்து படுத்தால், அதைத் தூக்கம் என்று எண்ணி விட்டுவிட வேண்டாம். ஆறு மாதம் நிறையாத சிசுவுக்கோ எத்தகைய கோடையிலும் தாய்ப்பால் ஒன்றே போதும், தனியே தண்ணீர் புகட்டத் தேவையில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இன்னொன்றும் உண்டு. கோடையில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் தொட்டிகளும் வாளிகளும் நடை பழகும் குழந்தைக்குப் பேராபத்து. முழங்கால் அளவு நீர்கூட வேண்டாம், ஒரு சாண் நீரே போதும். மூடி வையுங்கள்.

இந்த மூன்று மணி நேரம்தான் கைப்பேசியின் ஆட்சி நடக்கும் நேரம். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது, அதனினும் குறைந்தால் நன்று என்றும் அதே நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் வழிகாட்டியது. படித்தவர்கள் அனைவரும் இதை அறிவார்கள். அறிந்தும் என் செய்வது என்பதே கேள்வி. பரண்மேல் பல்லாங்குழி கிடந்தால் இறக்கித் துடையுங்கள். ஏழேழு குழிகளாக இரு வரிசை. புளியங்கொட்டையோ சோழியோ போதும். நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளும் விளையாட்டில், ஆறு வயதுப் பிள்ளை கூட்டலையும் பிரித்தலையும் தன்னையறியாமல் பயில்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் கொட்டையை வாயில் போடுவார்கள். அவர்கள் கைக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்க. அழகாயிருக்கிறதென்று குன்றிமணியை மட்டும் ஆட்டத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அது கொடிய நஞ்சுடையது.

மண்பானை உள்ள வீடாயின் அதுவே ஒரு பாடசாலை. பானையின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். “ஏன் ஈரமா இருக்கு? ஓட்டையா?” என்று குழந்தை கேட்கும். ஓட்டைதான், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள். அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாயிருக்கும் நாட்களில் நீர் எளிதில் ஆவியாவதில்லை. அன்று பானைத் தண்ணீரும் அவ்வளவாகக் குளிர்வதில்லை. காலையில் பானையை நிரப்பும் வேலையைக் குழந்தைக்குக் கொடுத்தால், செம்பு செம்பாக ஊற்றி முடிக்க அரை மணி ஆகும். தரையெல்லாம் தண்ணீர்தான். துடைக்கும் துணியும் அதன் கையிலேயே இருக்கட்டும்.

இதுவரை தாயையும் பாட்டியையும் பற்றியே பேசிவிட்டோம். தந்தையரே, நீங்கள் எங்கே? பிள்ளைகளைக் கோடையில் ஒரு நாள் கொடைக்கானலுக்கோ குற்றாலத்துக்கோ அழைத்துச் சென்றுவிட்டால் தம் கடமை முடிந்தது என்று கருதும் தந்தையர் பலர். சென்று வாருங்கள், நல்லதே! ஆனால் நான்கு வயதுக் குழந்தையிடம் போய் வந்தபின் கேட்டுப் பாருங்கள். ஏரியையும் அருவியையும் பற்றிச் சொல்லாது. பேருந்தில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து பழம் தின்றதைச் சொல்லும். அந்த மடி, மலையேறாமலே வீட்டிலும் கிடைக்கக்கூடியதுதானே!

மாலையில் வேலையிலிருந்து திரும்புகையில் ஒரு குலை நுங்கு வாங்கி வருவதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரரே சீவிச் சுளையாக எடுத்து இலையில் கட்டித் தருவார். வேண்டாம், முழுக் காயாகவே வாங்கி வாருங்கள். அரிவாளால் மேலே சீவுவது உங்கள் வேலை. பிள்ளை எட்டி நிற்கட்டும். சீவியதும் பெரும்பாலும் மூன்று கண்கள் தெரியும். பெருவிரலைக் கண்ணுக்குள் விட்டு நெம்பி, வாயை வைத்து உறிஞ்சும் வித்தையை வாயால் விளக்க முடியாது. நீங்கள் செய்ய, அது பார்த்துச் செய்ய வேண்டும். சட்டை நனையும், போகட்டும். தின்று முடித்த கூந்தல் இரண்டைக் குச்சி ஒன்றில் மாட்டினால் வண்டி. கவைக்கோல் ஒன்றால் தள்ளினால் ஓடும். தன் தகப்பனார் தனக்குச் செய்துகொடுத்த வண்டியைத் தன் பிள்ளைக்கு எத்தனை பேர் செய்துகொடுக்கிறோம்? பனைகள் இருந்த இடத்தில் மனைகள் வந்துவிட்ட ஊர்களில் நுங்கு கிடைப்பதே அரிது என்பதும் உண்மைதான். மிதிவண்டிச் சக்கரத்தைக் கழுவுவதும், செடிக்கு நீர் விடுவதும், மாடியில் வெக்கை தணியத் தண்ணீர் தெளிப்பதும் எல்லா ஊரிலும் உண்டு.

மாடியும் முற்றமும் இல்லாத அடுக்குமாடி வீட்டார் என் செய்வது என்று கேட்பீர்கள். சன்னல் ஓரத்துத் தாம்பாளத்தில் மோர்மிளகாய் காயும். பட்டாணி உரிக்கவும், கீரை ஆயவும், துவைத்த காலுறைகளை இணை சேர்க்கவும் மாடி எதற்கு?

தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் இல்லங்களில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. பள்ளிக்கு விடுமுறை உண்டு. அலுவலகத்துக்கும் ஆலைக்கும் கடைக்கும் இல்லை. நாள் முழுதும் உழைத்துத் திரும்பும் தாயிடம், குழந்தையைக் கூட வைத்துக்கொண்டு மெதுவாகச் சமையுங்கள் என்று உபதேசிப்பது எளிது. ஆகவே எல்லா வேலையிலும் எல்லா நாளும் என்று நாம் சொல்லவில்லை. நாளுக்கு ஒரு வேலை, அதுவும் அவசரமில்லாத ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் போதும். இரவு உணவுக்குத் தட்டு வைப்பது அத்தகையது. தட்டுகளை எண்ணும்போது, “அப்பாவுக்கு ஒண்ணு, ஆச்சிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு” என்று குடும்பத்தையே எண்ணி முடித்துவிடும் அந்தக் குழந்தை.

பார்பரா ரோகாஃப் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் குவாத்தமாலா நாட்டின் மாயன் மக்களிடையே பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். அம்மக்களின் இல்லங்களிலும் மெக்சிகோவின் தொல்குடி மரபினர் இல்லங்களிலும் சிறு குழந்தைகளை வேலையிடத்திலிருந்து விலக்குவதில்லை என்று அவரும் அவருடன் ஆராய்ந்தவர்களும் எழுதியுள்ளனர். குழந்தை அருகில் நிற்கும், பார்க்கும், முடிந்ததைச் செய்யும், அதற்கென்று தனிப் பாடமில்லை. அத்தகைய வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பிற்காலத்தில் சொல்லாமலே வீட்டு வேலைகளை எடுத்துச் செய்வதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். நகர வாழ்க்கையில் தோய்ந்த குடும்பங்களிலோ, பிள்ளைகள் பெரும்பாலும் தத்தம் சொந்த வேலையோடு நின்றுவிடுகிறார்கள். படிக்கும்போது நம் பாட்டன் பாட்டி வீடும் இன்றைய நம் வீடும் ஒருங்கே நினைவுக்கு வரவில்லையா?

பதின்மூன்று வயது மகன் உண்ட தட்டை அப்படியே விட்டு எழுகிறான், மகள் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்று வருந்தும் பெற்றோரை நாம் அடிக்கடி காண்கிறோம். ‘ஒரு கை கொடுக்க மாட்டேன் என்கிறார்களே’ என்று முறையிடுகிறார்கள். அதே பிள்ளைகள் மூன்று வயதில் இரு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தவர்களே. அன்று வேலை கெட்டுவிடும் என்று ஒதுக்கினோம். வேலை கெடாமல் செய்யும் வயது வந்தபோது கேட்கிறோம். அதற்குள் அவர்கள் வேறெங்கோ சென்றுவிட்டார்கள். வயது வந்த பிள்ளை வீட்டு வேலையில் சேராததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எல்லாவற்றையும் இதன் தலையில் சுமத்துவதற்கில்லை. ஆனால் மூன்று வயதின் அந்த “நானும்” திரும்பி வருவதில்லை. அது இருக்கும் காலம் மிகக் குறுகியது. ஒரு குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு கோடைகள்தாம் அப்படி வாய்க்கின்றன.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும். காலையில் சீருடையும் புத்தகப்பையும் பேருந்துமாக வீடு பறக்கும். கோடையின் நிதானத்துக்கு அப்போது இடமிராது. விடுமுறையில் பழகிய வேலைகளுள் ஒன்றையேனும் பிள்ளையிடமே விட்டுவைக்க முயலுங்கள். பானைக்குத் தண்ணீர் ஊற்றுவதோ, தட்டு வைப்பதோ, எதுவாயினும் சரி. ஒரு நாள் மறந்தால் நீங்கள் முந்திக்கொண்டு செய்துவிட வேண்டாம். பானை வற்றட்டும், உணவு வேளையில் எல்லாரும் தண்ணீருக்குக் கை நீட்டிவிட்டு அதன் முகத்தைப் பார்க்கட்டும். ஒருவரும் திட்டத் தேவையில்லை. செம்பை எடுத்துக்கொண்டு அது தானே எழுந்து போகும்.